சோக ஓபரா: அரங்கில் பார்ப்பதா, திரையரங்கில் பார்ப்பதா?

இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் 'லா போயம்' என்ற ஓபராவில், அதாவது பாடியே நடிக்கும் இசை நாடகத்தில், நாயகி மிமி சாகும் நொடியை மேடையில் இருக்கும் யாருமே பார்ப்பதில்லை. கட்டிலில் படுத்திருக்கிறாள், தூங்கிவிட்டாள் என்று நினைக்கிறார்கள். தோழி மருந்தைச் சூடாக்கியபடி பிரார்த்தனை செய்கிறாள். காதலன் ரொடோல்ஃபோ, அவள் முகத்தில் வெளிச்சம் படக் கூடாது என்று ஜன்னலை மறைக்கப் போகிறான். அந்தச் சின்ன இடைவெளியில்தான் உயிர் போகிறது. முதலில் கவனிப்பவன் நண்பன் ஷோனார். அவன் இன்னொருவனிடம் மெதுவாகச் சொல்கிறான். ரொடோல்ஃபோவுக்குத்தான் எல்லோருக்கும் கடைசியில் தெரிகிறது, அதுவும் நண்பர்களின் முகத்தைப் பார்த்து.

இதை நேரில் பார்த்த இரவில் நானும் கட்டிலைப் பார்க்கவில்லை. ஜன்னல் பக்கம் நடந்தவனைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். திரும்பியபோது முடிந்துவிட்டிருந்தது. பிறகு வேறொரு மேடையாக்கத்தைத் திரையரங்கில் பார்த்தேன். அதில் கேமரா மிமியின் கையிலேயே நின்றது. விரல்கள் தளர்வதைக் காட்டியது. ரொடோல்ஃபோவுக்கு முன்பே எனக்குத் தெரிந்துவிட்டது. இரண்டு முறையும் அழுதேன், ஆனால் ஒரே அழுகை இல்லை. முதல் முறை, கவனிக்காமல் விட்டுவிட்டோமே என்ற குற்ற உணர்வு. இரண்டாம் முறை, தெரிந்தும் அவனிடம் சொல்ல முடியவில்லையே என்ற தவிப்பு.

'நேரிலா, திரையிலா' என்று கேட்பவர்களிடம் நான் முதலில் இந்தக் கதையைத்தான் சொல்வேன். திரையரங்கில் பார்ப்பது ஏதோ மலிவான மாற்று என்று நினைத்துக்கொண்டு முடிவெடுக்காதீர்கள். இரண்டும் வேறு வேறு அனுபவங்கள். நீங்கள் பார்க்கப்போகும் ஓபராவின் சோகம் எங்கே குடியிருக்கிறது என்று கண்டுபிடித்தால் பாதி முடிவு தானாக வந்துவிடும்.

அதற்கு முன் ஒரு விளக்கம். இங்கே திரையரங்கு என்று நான் சொல்வது ஓபராவைப் படமாக எடுத்ததை அல்ல. மேடையில் நடக்கும் நிகழ்ச்சியைப் பல கேமராக்கள் வைத்துப் பிடித்து, செயற்கைக்கோள் வழியாக நேரலையாகவோ பிறகு மறு ஒளிபரப்பாகவோ திரையரங்குகளுக்கு அனுப்புகிறார்கள். நியூயார்க்கின் மெட்ரோபாலிட்டன் ஓபரா 2006 டிசம்பர் 30 அன்று மொசார்ட்டின் 'மாயப் புல்லாங்குழல்' ஓபராவோடு இந்த வரிசையைத் தொடங்கியது. லண்டனின் ராயல் ஓபராவும் திரையரங்குகளுக்கு அனுப்புகிறது. உங்கள் ஊரில் எது கிடைக்கிறதோ அதை வைத்துத்தான் முடிவெடுக்க வேண்டியிருக்கும்.

முதல் படி: சோகம் எங்கே இருக்கிறது?

கதைச் சுருக்கத்தை முடிவு உட்பட முழுசாகப் படியுங்கள். சோக ஓபராவில் யார் சாகிறார் என்பது ரகசியமே இல்லை, தெரிந்துவிட்டால் சுவை குறையாது. படித்துவிட்டு ஒரு கேள்வி கேளுங்கள்: இதில் என்னை உடைக்கப்போவது ஒரு முகமா, ஒரு குரலா, அல்லது அந்த அரங்கத்தையே நிரப்பும் ஒலியா?

முகம் என்றால் திரையரங்கு பெரிய வரம். வெர்டியின் 'லா டிராவியாட்டா' இரண்டாம் அங்கத்தில் காதலனின் அப்பா வயலெட்டாவிடம் வந்து, என் மகனை விட்டுவிடு என்று கேட்கிறார். அவள் முதலில் மறுக்கிறாள், பிறகு கெஞ்சுகிறாள், கடைசியில் சம்மதிக்கிறாள். நீண்ட காட்சி. கத்தி இல்லை, விஷம் இல்லை. ஒரு பெண் தன் வாழ்க்கையை விட்டுக்கொடுப்பதை ஒவ்வொரு படியாகப் பார்க்கிறோம். மேல் பால்கனியில் இருந்து பார்த்தால் அவள் தலை குனிவது தெரியும். க்ளோஸப்பில், சம்மதம் என்ற சொல் வருவதற்கு முன்பே கண்ணில் அது வந்துவிடுவது தெரியும். நடிக்கத் தெரிந்த சொப்ரானோ (உச்சக் குரல் பாடகி) என்றால் இந்த ஓபராவைத் திரையில் பார்க்கத் தயங்கவே வேண்டாம்.

ஒலி என்றால் நிலைமை தலைகீழ். ஆல்பன் பெர்க்கின் 'வோட்செக்' 1925 டிசம்பர் 14 அன்று பெர்லினில் முதல் முறையாக மேடையேறியது. அதில் மேரி கொலையான உடனே ஆர்கெஸ்ட்ரா ஒரே ஒரு சுரத்தைப் பிடிக்கிறது. ஹார்ன் என்ற ஊதுகருவி ஒன்று மட்டும், கேட்கிறதா இல்லையா என்ற அளவில் ஆரம்பிக்கிறது. வாத்தியங்கள் ஒன்றன்பின் ஒன்றாக அதே சுரத்தில் சேர்ந்துகொள்ள ஒலி வீங்கிக்கொண்டே போகிறது. வெடித்து, முரசின் அடி கேட்டு, மறுபடி அதே சுரம், இந்த முறை மொத்த ஆர்கெஸ்ட்ராவும். மெட்டு கிடையாது, பாட்டு கிடையாது. அரங்கில் அது காதோடு நிற்காது, நெஞ்சுக்கூட்டில் ஏறும். ஒளிபரப்பில் மிக மெல்லிய ஒலியைக் கொஞ்சம் ஏற்றுவார்கள், மிகப் பலத்த ஒலியைக் கொஞ்சம் இறக்குவார்கள். இல்லையென்றால் பாதித் திரையரங்குகளில் ஒன்றும் கேட்காது, மீதியில் காது வலிக்கும். அது நியாயமான வேலைதான். ஆனால் ஒன்றுமில்லாததில் இருந்து எல்லாமுமாக வளரும் அந்த ஒற்றைச் சுரத்தின் கதையே அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது. 'வோட்செக்' என்றால் நேரில் போங்கள்.

எங்கிருந்தோ வரும் ஒலிகளுக்கும் இது பொருந்தும். 'ரிகொலெட்டோ' கடைசி அங்கத்தில் புயல்காற்றாக வருவது மேடைக்குப் பின்னால் வாய் மூடி ரீங்கரிக்கும் ஆண்களின் குழு. 'டோஸ்கா' மூன்றாம் அங்கம் ரோம் நகரத்து விடியலில் தேவாலய மணிகளோடு தொடங்குகிறது. செயின்ட் பீட்டர் தேவாலயத்தின் பெரிய மணி எந்தச் சுருதியில் ஒலிக்கிறது என்று விசாரித்துத் தெரிந்துகொண்டு எழுதினார் புச்சினி. அரங்கில் அந்த மணிகள் சில கிட்டே, சில தூரத்தில் என்று நம்மைச் சுற்றி ஒரு ஊரையே எழுப்பும். இன்னும் சில மணித்துளிகளில் சுடப்படப்போகும் ஒருவன் அந்த ஊருக்கு நடுவில் உட்கார்ந்திருக்கிறான். அது நேரில்தான் சரியாகப் புரியும். புலாங்கின் 'கார்மலைட்களின் உரையாடல்' கடைசிக் காட்சியும் அப்படியே. கன்னியாஸ்திரீகள் பாடிக்கொண்டே தலை வெட்டும் கில்லட்டினுக்குப் போகிறார்கள். கத்தி விழும் ஒவ்வொரு முறையும் கூட்டுக்குரலில் ஒரு குரல் குறைகிறது. அந்தக் குறைவை அரங்கத்தின் காற்றில் உணர வேண்டும்.

இரண்டு பக்கமும் இழுக்கும் ஓபராக்களும் உண்டு. 'மடாமா பட்டர்ஃப்ளை' அப்படி. விட்டுப்போன அமெரிக்கக் கணவனுக்காகக் குழந்தையோடு காத்திருக்கும் ஜப்பானியப் பெண்ணின் கதை. கணவனின் கடிதத்தைத் தூதர் ஷார்ப்லெஸ் படித்துக்காட்ட முயலும் காட்சி முழுக்க முகம். அவர் சொல்ல வருவதை அவள் புரிந்துகொள்ள மறுக்கும் முகம். ஆனால் அதற்குப் பின் வரும் இரவு? அவள் துறைமுகத்தைப் பார்த்தபடி அசையாமல் நிற்கிறாள், மேடைக்குப் பின்னால் இருந்து குழுவினர் சொல் இல்லாமல் ரீங்கரிக்கிறார்கள். கிட்டத்தட்ட மூன்று நிமிடம் மேடையில் ஒன்றுமே நடக்காது. நேரில் அந்த மூன்று நிமிடம் ஆயிரக்கணக்கான பேர் அவளோடு சேர்ந்து காத்திருக்கிறோம். திரையில் கேமராவுக்குப் பொறுமை இருப்பதில்லை. முதுகைக் காட்டும், குழந்தையைக் காட்டும், மறுபடி முகத்துக்கு வரும். நான் பட்டர்ஃப்ளையை நேரில் பார்க்கச் சொல்வது அந்த மூன்று நிமிடத்துக்காக. ஒன்று மட்டும் விசாரித்துக்கொள்ளுங்கள்: அந்த இரவுக்கும் விடியலுக்கும் நடுவே இடைவேளை விடுகிறார்களா, இல்லையா? 1904 பிப்ரவரி 17 அன்று மிலானில் முதல் இரவு கூச்சலும் கேலியுமாக முடிந்தபோது, இரண்டாம் அங்கம் ரொம்ப நீளம் என்பது ஒரு குறையாகச் சொல்லப்பட்டது. புச்சினி அதைப் பிரித்துத் திருத்தி, அதே ஆண்டு மே மாதம் பிரெஷியாவில் வெற்றி கண்டார். இன்று சில அரங்குகள் அங்கே நிறுத்துகின்றன, சில தொடர்ந்து நடத்துகின்றன. தொடர்ந்து நடத்தும் அரங்கு கிடைத்தால் விடாதீர்கள்.

இரண்டாம் படி: குரலுக்கு மைக் என்ன செய்கிறது?

ஓபரா பாடகர்கள் மைக் இல்லாமல் பாடுகிறார்கள். மெட்ரோபாலிட்டன் ஓபராவில் சுமார் 3,800 இருக்கைகள். கடைசி வரிசைக்கும் குரல் போக வேண்டும், அதுவும் மேடைக்கு முன்னால் பள்ளமான குழியில் இருக்கும் முழு ஆர்கெஸ்ட்ராவைத் தாண்டி. இது எப்படி நடக்கிறது? ஒலியின் அதிர்வெண்ணை ஹெர்ட்ஸில் அளப்பார்கள். ஆர்கெஸ்ட்ராவின் ஒலியாற்றல் 500 ஹெர்ட்ஸ் வாக்கில் அதிகம், மேலே போகப்போகக் குறையும். பயிற்சி பெற்ற பாடகர்கள், முக்கியமாக ஆண்கள், தொண்டையின் அமைப்பைச் சரிசெய்து 3,000 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஆற்றலைக் குவிக்கிறார்கள். அங்கே ஆர்கெஸ்ட்ரா மெலிந்திருக்கும், நம் காதோ கூர்மையாக இருக்கும். உச்சத்தில் பாடும் சொப்ரானோக்கள் வாயைத் திறக்கும் அளவை மாற்றி, வாய்க்குள் எழும் ஒத்ததிர்வைப் பாடும் சுரத்தோடு பொருத்துகிறார்கள். மொத்தத்தில் ஒரு மனித உடம்பு, வேறெந்தத் துணையும் இல்லாமல், எழுபது எண்பது வாத்தியங்களுக்கு எதிரே நிற்கிறது.

சோக ஓபராவில் இது வெறும் தொழில்நுட்பம் இல்லை. சாகப்போகிறவள் தன்னைவிடப் பெரிய ஒன்றோடு மோதுவதை நாம் காதால் பார்க்கிறோம். வாக்னரின் 'டிரிஸ்டானும் இசோல்டேயும்' நான்கு மணி நேர இசை. அதன் முடிவில் இசோல்டே தனியாக நின்று பாடும்போது ஆர்கெஸ்ட்ரா அலை அலையாக எழும். குரல் மூழ்கும், மேலே வரும், மறுபடி மூழ்கும். ஒளிபரப்பில் ஒலிப்பதிவாளர் அவளை மூழ்கவிட மாட்டார். எல்லா வரியும் தெளிவாகக் கேட்கும், ஆபத்து மட்டும் போய்விடும். அதனால்தான் வாக்னரின் சோகங்களை, பணமும் உடம்பும் இடம் கொடுத்தால், நேரில் கேட்கச் சொல்கிறேன்.

சரி, மைக்கால் நன்மையே இல்லையா? உண்டு. பாடகர் மூச்சு இழுப்பது கேட்கும். 'லா டிராவியாட்டா' கடைசி அங்கத்தில் வயலெட்டா ஒரு கடிதத்தைப் பாடாமல் வெறுமனே பேசிப் படிக்கும்போது, பெரிய அரங்கின் பின்வரிசைக்கு அந்தப் பேச்சு மங்கலாகத்தான் வரும். திரையரங்கில் அவள் உங்கள் காதருகே படிப்பாள். சன்னமான குரல் உள்ள நல்ல நடிகைகளுக்கும் திரை நியாயம் செய்கிறது. ஆனால் திரையில் கேட்டுவிட்டு, இவர் குரல் பெரியது, அவர் குரல் சின்னது என்று தீர்ப்புச் சொல்லாதீர்கள். ஸ்பீக்கரில் எல்லாக் குரலும் ஒரே அளவுதான்.

மூன்றாம் படி: உங்கள் கண்ணா, காதா?

இதைக் கொஞ்சம் நேர்மையாக யோசியுங்கள். 'லா டிராவியாட்டா' 1853 மார்ச் 6 அன்று வெனிஸில் முதன்முதலில் மேடையேறியபோது தோல்வியடைந்தது. வயலெட்டாவாகப் பாடியவர் நன்றாகவே பாடினார், முதல் அங்கத்தில் கைதட்டலும் வாங்கினார். ஆனால் காசநோயில் மெலிந்து சாக வேண்டிய பெண் பருமனாக இருந்ததால் கடைசி அங்கத்தில் ஜனங்கள் சிரித்துவிட்டார்கள். காது ஒப்புக்கொண்டதைக் கண் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த ஆண்டே, வேறு பாடகர்களோடும் சில திருத்தங்களோடும், அதே ஊரில் அது வெற்றி பெற்றது.

நீங்கள் எந்தப் பக்கம்? பாடுபவரின் வயது, உருவம், வியர்வை, பொய்முடியின் விளிம்பு எல்லாம் உங்களைக் கதையை விட்டு வெளியே தள்ளுமென்றால் க்ளோஸப் உங்களுக்கு எதிரி. இருபது அடி தூரம் நல்ல மறதியைத் தரும். மாறாக, முகம் தெரியாவிட்டால் எனக்கு ஒட்டவே ஒட்டாது என்பவர் நீங்கள் என்றால் திரைக்குப் போங்கள், அல்லது நல்ல பைனாகுலரோடு அரங்குக்குப் போங்கள்.

மொழியும் இதில் சேரும். அரங்கில் மொழிபெயர்ப்பு வரிகள் மேடைக்கு மேலே ஓடும். 1983ல் டொராண்டோவில் 'எலெக்ட்ரா' ஓபராவுக்குத்தான் முதலில் இப்படிப் போட்டார்கள். மெட்ரோபாலிட்டன் ஓபராவில் 1995 முதல் முன் இருக்கையின் முதுகில் சின்னத் திரையில் வருகின்றன. எப்படியும் கண் மேலும் கீழும் போய்வர வேண்டும். திரையரங்கில் வரிகள் முகத்துக்குக் கீழேயே இருக்கும். வரிகளை மெதுவாகப் படிப்பவர்களுக்கு இது பெரிய வித்தியாசம். முக்கியமான ஒரு சாவை நான் மேலே பார்த்துப் படித்துக்கொண்டிருந்ததில் தவறவிட்டிருக்கிறேன். அன்றிலிருந்து கடைசி அங்கத்தின் வசனத்தை மட்டும் முன்கூட்டியே வீட்டில் படித்துவிட்டுப் போகிறேன்.

நான்காம் படி: பணம், நேரம், உடம்பு, மனசு

பணத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. நேரில் நல்ல இருக்கை என்றால் திரையரங்கு டிக்கெட்டைப் போலப் பல மடங்கு ஆகும். ஆனால் 'கட்டுப்படியாகாது' என்று முடிவு கட்டுமுன் மேல் கேலரி, நின்று பார்க்கும் இடம், கடைசி நேரத் தள்ளுபடி மூன்றையும் விசாரியுங்கள். வியன்னா அரசு ஓபராவில் நின்று பார்ப்பது நீண்ட நாள் மரபு. அப்படி நின்று கேட்டவர்களில் இசை தெரிந்தவர்கள் ஏராளம்.

நேரம் இன்னும் முக்கியம். நேரில் தாமதமாக வந்தால் இடைவேளை வரை உள்ளே விட மாட்டார்கள். 'சலோமே', 'எலெக்ட்ரா' இரண்டும் ஒரே அங்கம், இடைவேளையே இல்லை. தாமதம் என்றால் ஓபராவே போனது. 'வோட்செக்' ஒன்றரை மணி நேரம்தான், அதையும் பல அரங்குகளில் நிறுத்தாமல் நடத்துகிறார்கள். வேலை முடிந்து ஓடிவர வேண்டியவர்கள் இதைப் பார்த்து நாள் குறியுங்கள்.

மனசைப் பற்றியும் சொல்ல வேண்டும். வீட்டில் சமீபத்தில் ஒரு சாவு நடந்திருந்தால், அல்லது நெருங்கியவர் நோயில் இருந்தால், நோயாளி சாகும் ஓபராவை நேரில் பார்ப்பது பற்றி இருமுறை யோசியுங்கள். சிலருக்கு அது ஆறுதல். சிலருக்கு நடுவரிசையில் மாட்டிக்கொண்டு எழுந்து போக முடியாத இரண்டு மணி நேரம். திரையரங்கில் ஓர இருக்கை எடுத்தால், தாங்காதபோது வெளியே வந்து மூச்சு விட்டுவிட்டுத் திரும்பலாம். என் நண்பர் ஒருவர் அம்மா போன ஆண்டில் அப்படித்தான் 'லா போயம்' பார்த்தார். மூன்றாம் அங்கத்தோடு வெளியே வந்துவிட்டார். அடுத்த ஆண்டு நேரில் முழுசாகப் பார்த்தார்.

ஐந்தாம் படி: இருக்கை

நேரில் போவதென்றால், குறைந்த பணத்தில் நல்ல ஒலி பெரும்பாலும் மேல் மாடியில்தான். முகம் தெரியாது, ஆனால் குரலும் ஆர்கெஸ்ட்ராவும் கலந்து மேலே வரும். தவிர்க்க வேண்டியது, மேல் பால்கனி கூரை போல இறங்கி மறைக்கும் பின்வரிசைகள். அங்கே ஒலி அமுங்கிவிடும். பக்கவாட்டு இருக்கைகளில் மேடையின் ஒரு பகுதி தெரியாது. மலிவாக இருக்கிறதே என்று எடுத்துவிட்டு, மிமியின் கட்டில் சரியாக அந்த மறைந்த மூலையில் இருந்தால் என்ன செய்வீர்கள்? டிக்கெட் எடுக்கும்போதே எந்தப் பக்கம் மறைகிறது என்று பாருங்கள். அந்த மேடையாக்கத்தின் கடைசிக் காட்சிப் படம் ஒன்று கிடைத்தால் ஒப்பிட்டுக்கொள்ளலாம்.

திரையரங்கில் நடுவில், கொஞ்சம் பின்னால் தள்ளி உட்காருங்கள். அதிமுன்னால் உட்கார்ந்தால் க்ளோஸப்பில் முகம் முகமாக இருக்காது. ஒலி நன்றாக உள்ள அரங்கைத் தேர்ந்தெடுங்கள், தொடங்கிய ஐந்து நிமிடத்தில் ஒலி குறைவாகத் தோன்றினால் வெட்கப்படாமல் எழுந்துபோய்ச் சொல்லுங்கள். நேரலையா, மறு ஒளிபரப்பா என்பதும் ஒரு தேர்வு. நேரலையில் இந்த நொடி எங்கோ ஒருவர் பாடிக்கொண்டிருக்கிறார் என்ற படபடப்பு உண்டு. ஆனால் ஒரு முறை கடைசிக் காட்சியில் சிக்னல் போய் படம் உறைந்து நின்றது. சில நொடிகள்தான். படம் திரும்பியது, அன்றைய சோகம் திரும்பி வந்து ஒட்டவில்லை. சின்ன ஊர்த் திரையரங்கு என்றால் நான் மறு ஒளிபரப்பையே எடுப்பேன்.

இடைவேளையில் ஒளிபரப்புக்காரர்கள் மேடைக்குப் பின்னால் போய்ப் பாடகர்களிடம் பேட்டி எடுப்பார்கள். காட்சி மாற்றுவதைக் காட்டுவார்கள். நகைச்சுவை ஓபராவில் இது இன்பம். சோகத்தில், அடுத்த அங்கத்தில் சாகப்போகிறவர் சிரித்துக்கொண்டே தண்ணீர் குடிப்பதைப் பார்த்துவிட்டால் எனக்கு மறுபடி உள்ளே போகச் சிரமமாக இருக்கிறது. கடைசி அங்கத்துக்கு முந்தைய இடைவேளையில் மட்டும் எழுந்து வெளியே போய்விடுவேன்.

இரண்டும் கிடைத்தால் எது முதலில்?

முகத்தின் ஓபரா என்றால் முதலில் திரை, பிறகு அரங்கு. திரையில் பார்த்த முகம் நினைவில் இருக்கும், தூரத்துப் பால்கனியில் இருந்தும் அதைப் பார்ப்பீர்கள். ஒலியின் ஓபரா என்றால் முதலில் அரங்கு. அந்த அடியை ஸ்பீக்கரில் வாங்கிப் பழகிவிட்டுப் போகாதீர்கள். ஒன்றுக்குத்தான் வழி இருக்கிறது, எதுவும் முடிவாகவில்லை என்றால், கண்ணை மூடிக்கொண்டு நேரில் போகச் சொல்வேன். அதற்குக் காரணம் கடைசிச் சுரத்துக்கும் முதல் கைதட்டலுக்கும் நடுவில் இருக்கும் மௌனம். நல்ல இரவில் அது இரண்டு, மூன்று விநாடி இருக்கும். யாரும் இருமுவதில்லை. திரையரங்கிலும் அந்த மௌனம் ஒலிபரப்பாகும், ஆனால் அது அவர்களுடைய மௌனம்.

ஓபரா முடியும் நேரத்தை ஒட்டி ரயிலோ பேருந்தோ பதிவு செய்யாதீர்கள். அரை மணி நேரமாவது விடுங்கள். நேரில் என்றால் மேடையின் திரைச்சீலை மறுபடி உயரும், செத்தவள் எழுந்து முன்னால் வருவாள். மார்பு இன்னும் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும், தலைமுடி ஈரமாக நெற்றியில் ஒட்டியிருக்கும். சிலர் உடனே சிரிக்க முடியாமல் ஒரு கணம் அப்படியே நிற்பார்கள். அப்போது உள்ளங்கை சிவக்கச் சிவக்கத் தட்டுங்கள்.